பதினோராவது தூண்

மலேசியாவின் பாலோவில் எங்கள் வீட்டுப் போர்ச்சுக்கு நான் இரண்டு தூண் எழுப்பியிருக்கிறேன். வட்டத் தூண், உச்சியில் தாமரை இதழ். கடன் இன்னும் முடியவில்லை. தாகத்தோடு வருகிறவருக்கும் முதலில் தூண், பிறகுதான் தண்ணீர்.

இந்த மிதப்போடுதான் மதுரையில் திருமலை நாயக்கர் மகாலுக்குள் நுழைந்தேன். 1636இல் கட்டியது, 248 தூண்கள் என்றார்கள். நிரை பிடித்துப் பால்மரம் வெட்டிய வம்சம், எண்ணாமல் விடுவேனா? ஐம்பத்து மூன்றில் மனைவி, "ஏங்க, 'பம்பாய்' படத்துல மனிஷா கொய்ராலா ஆடுன எடம் இதுதானே?" என்றாள். கணக்கு போயிற்று. மறுபடி ஒன்றிலிருந்து.

ஒரு தூணைக் கட்டிப்பிடித்துப் பார்த்தேன். பாதிகூடக் கைக்கு அடங்கவில்லை. என் வீட்டுத் தூணைக் கட்டிப்பிடித்தால் கை மிஞ்சி முதுகே சொறியலாம். உள்ளே செங்கல், மேலே முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புச் சாந்தின் வழவழப்பு. "அப்ப மஞ்சக் கருவ என்ன பண்ணாங்க?" என்றாள். நான் அடுத்த தூணுக்கு நகர்ந்தேன்.

இன்று நிற்பது பழைய அரண்மனையில் கால் பங்குதானாம். பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது, தாத்தா பார்த்துப் பார்த்துக் கட்டியதைப் பிரித்து அள்ளிக்கொண்டு போய்விட்டார். 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு பழுது பார்த்திருக்காவிட்டால் இந்தக் கால் பங்கும் தேறியிருக்காது.

சிதறிய மிச்சத்தையும் பார்த்துவிடுவோம் என்று பத்துத் தூண் சந்துக்குப் போனோம். கூரை போய், கருங்கல் தூண்கள் பத்து மட்டும் ஜவுளிக்கடைகளுக்கு நடுவே நிற்கின்றன. தூணைப் பார்க்க இரண்டு நிமிடம் ஆனது. மனைவி சேலை பார்க்க இரண்டு மணி நேரம். அதுவரை கையில் நாலு பையோடு அந்தச் சந்தில் பதினோராவது தூண் நான்தான்.

ஊர் திரும்பியதும் ஜோகூர் பாருவிலிருந்து மகன் வந்தான். சொக்கநாதர் செய்த அநியாயத்தை உருக்கமாகச் சொன்னேன். போர்ச்சையே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தவன் சொன்னான்: "அப்பா, இந்த ரெண்டு தூணையும் எடுத்துட்டா இன்னொரு காடி நிறுத்தலாம்."

நாயக்கருக்காவது பேரன் காலம் வரை தாங்கியது.