பழமொழிப் பெரியப்பா

பழமொழிப் பெரியப்பா தமிழ்நாடெங்கும் தென்படும் இனம். செஞ்சியில் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய டீக்கடை பெஞ்சும் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையும் இவருக்கு உகந்த வாழிடங்கள். பெண்களைப் பற்றிக் கெட்ட வார்த்தை இவர் வாயில் வராது, வருவதெல்லாம் பழமொழி.

பஸ்ஸில் ஒருத்தி வாய்விட்டுச் சிரித்தால், 'பொம்பள சிரிச்சா போச்சு, பொகையில விரிச்சா போச்சு' என்பார். புகையிலை இப்போது அவர் மடியில் பொட்டலமாக இருக்கிறது. விரித்துப் பார்ப்பார் யாருமில்லை. சிரிப்பு மட்டும் இன்னும் கண்காணிப்பில் உள்ளது. 'பெண் புத்தி பின் புத்தி' என்பதற்குப் 'பின்னால் வருவதை முன்னமே அறியும் புத்தி' என்றும் உரை உண்டு. அந்த உரை மனைவி பக்கத்தில் இருக்கும்போது மட்டும் வெளிவரும்.

பாராட்டுவதிலும் பெரியப்பா தாராளம். பேத்தி நிறைய மார்க் வாங்கினால் 'ஆம்பளப் புள்ள மாதிரி படிக்கிறா' என்பார். கணக்கில் கோட்டை விட்ட பேரனும் ஆம்பளப் புள்ள மாதிரிதான் படித்தான் என்பது கணக்கில் வராது. அவன் அழுதால் 'பொட்ட மாதிரி அழாதடா'. அதே வாய் சந்தையில் ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து, 'பெட்டைதான்யா வேணும், குட்டி போட்டுக் குடும்பத்தையே தூக்கி நிறுத்தும்' என்று பேரம் பேசும்.

இவர் அகராதியில் முக்கியமான சொல் 'சும்மா'. பெரியம்மா நாலரைக்கு எழுந்து, இரண்டு மாட்டில் பால் கறந்து, சொசைட்டியில் ஊற்றி, சாணி வாரி, சோறாக்கி, மல்லாட்டைக் கொல்லையில் களை வெட்டப் போயிருப்பார். கணக்கெடுக்க வந்தவர் 'அம்மா என்ன வேலை?' என்றால், 'வூட்ல சும்மாதான் இருக்குது.' 'ஹவுஸ்வைஃப்' என்று எழுதாமல் 'ஹோம்மேக்கர்' என்று எழுதும்படி உச்ச நீதிமன்றம் 2023இல் கையேடு போட்டது. செஞ்சி டீக்கடைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

அகராதியில் ஆண்பால் அச்சேறாத பக்கங்களும் உண்டு. புருஷனை விட்டு வந்தவள் 'வாழாவெட்டி'. பெண்டாட்டியை விட்டு வந்தவன் 'பாவம், குடுத்து வைக்கல'. 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் பெரியார், கற்பு என்ற சொல் பெண்ணை மட்டும் பிடித்துக்கொண்டது ஏன் என்று குடைந்திருக்கிறார். பெரியப்பா அந்தத் தலைப்பைக் கேள்வியாக எடுத்துக்கொள்வதில்லை, தகவலாக எடுத்துக்கொள்கிறார்.

ஊரும் இவருக்கு ஒத்துழைக்கிறது. செஞ்சிக் கோட்டை மலைகளில் உயர்ந்த ராஜகிரி, ராஜா கோட்டை. அதைவிடத் தணிந்த கிருஷ்ணகிரி, ஊர் வழக்கில் ராணிக்கோட்டை. 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி மடிந்த செஞ்சி ராஜா தேசிங்கின் கதையைக் குதிரையின் பெயர் முதற்கொண்டு சொல்லுவார். உடன்கட்டை ஏறிய தேசிங்கின் மனைவி நினைவாக நவாப் அமைத்த ஊரே ராணிப்பேட்டை என்பதும் மனப்பாடம். 'அந்த ராணி பேரு என்ன தாத்தா?' என்று பேத்தி கேட்டால், 'அதான் ராணின்னு சொல்றேனே' என்பார்.