எந்த செட்?

கேள்வி: 'செட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு உண்மையில் என்னதான் பொருள்?
– ஒரு வாசகர், செங்கல்பட்டு

பதில்: எங்கே நின்றுகொண்டு கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. காலையில் செங்கல்பட்டு ஜங்ஷன் பக்கம் டிபன் கடையில் கேட்டால் இரண்டு பூரியும் கிழங்கும் வரும். வயலோரம் கேட்டால் பம்புசெட். ஆடி மாதம் அம்மன் கோயில் வாசலில் கேட்டால் மைக்செட். பதில் உங்கள் காதில் விழாது. பெண் பார்த்துவிட்டு வந்தவரைக் கேட்டால், "செட் ஆகலைங்க".

1989-ல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் இதற்குத்தான் மிக நீளமான பதிவு. 430 பொருள்கள்! பிற்பாடு 'ரன்' என்ற சொல், வினையாக மட்டுமே 645 பொருளோடு முந்திவிட்டது. ஓடுகிறவன் முந்தாமல் என்ன செய்வான்?

மாமல்லபுரத்தில் கதையே வேறு. சினிமாக்காரர்கள் போடும் செட்டைப் படப்பிடிப்பு முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். 7-ம் நூற்றாண்டில் பல்லவர்கள் போட்ட ஐந்து ரதங்களைப் பிரிக்கவே முடியாது. ஒட்டியிருந்தால்தானே பிரிப்பதற்கு? பாறையையே செதுக்கியது. ஒரே செட்தான், ஆனால் திரௌபதி ரதம் கூரைக் குடிசை போலவும், பீம ரதம் கூண்டு வண்டி போலவும் ஆளுக்கொரு தினுசு.

சாயங்காலம் கடற்கரைக் கோயில் அருகே, செல்போனைக் கடல் பக்கம் நீட்டி 'சன்செட்'டுக்குக் காத்திருப்பவர்களைப் பார்த்தால்தான் பாவமாக இருக்கிறது. வங்கக் கடலில் சூரியன் உதிக்கத்தான் செய்யும். மறைவதைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பி நிற்க வேண்டும்.