ஏறுதற் செலவும் இறங்குதற் சேமிப்பும்: ஒரு குடும்பத்தின் முதல் பனிச்சறுக்கு விடுமுறை குறித்த தொடக்கநிலை ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

தொல்காப்பியம் நிலங்களை வகுத்தபோது பனிமலைக்கு இடம் ஒதுக்கவில்லை. முன்பனி, பின்பனி என்று பனியைப் பொழுதுகளின் பட்டியலில் சேர்த்துவிட்டு அப்பால் நகர்ந்துவிட்டது. பொழுது யாருக்கும் சொந்தமில்லை. வரும், போகும், கட்டணம் கிடையாது. சுவிட்சர்லாந்து இதைத் திருத்திற்று. பனியை நிலமாக்கி, நிலத்துக்கு வாயில் வைத்து, வாயிலில் சீட்டுப் பார்க்கும் இயந்திரத்தைப் பொருத்தியது. இவ்விரு கொள்கைகளுக்கும் நடுவே அகப்பட்ட ஒரு குடும்பமே இவ்வாய்வின் பொருள்.

குடும்பம் கற்பனையானது. எனினும் சுவிட்சர்லாந்தில் வாழும் ஏறத்தாழ 50,000 இலங்கைத் தமிழரில் பலர், அதில் தம் மைத்துனரை அடையாளம் காண்பர். கணவன், மனைவி, பன்னிரண்டு வயது மகள், எட்டு வயது மகன். வசிப்பது பேர்ண் நகரின் புறத்தே. வருமானம் போதுமானது, மாதத்தின் இருபதாம் தேதி வரை.

ஆய்வைத் தூண்டியது மகளின் கூற்று: "வகுப்பில எல்லாரும் போகினம், அப்பா." எல்லாரும் என்பது விசாரணையில் மூன்று பேராகச் சுருங்கியது. ஆயினும் கூற்றுக்குத் தேசியப் பின்புலம் உண்டு. 1963இல் விக்கோ தொரியானி என்ற பாடகர், எல்லாரும் சறுக்குகிறார்கள் என்பதையே தலைப்பாக வைத்துப் பாடிய பாட்டு அந்நாட்டில் கிட்டத்தட்ட அரசியலமைப்பின் முகவுரை. மூவரை மறுக்கலாம், முகவுரையை மறுக்க இயலாது.

2. வரலாற்றுப் பின்னணி

சுவிஸ் பள்ளிகளின் பெப்ரவரி விடுமுறைக்கு விளையாட்டு விடுமுறை என்று பெயர். அதன் வேரோ நிலக்கரியில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது எரிபொருள் தட்டுப்பட, வகுப்பறைகளைச் சூடாக்கும் செலவை மிச்சம் பிடிக்கப் பள்ளிகளைச் சில நாள் மூடினர். அரசு அன்று பிடித்த மிச்சத்தை, பெற்றோர் இன்றுவரை தவணை முறையில் கட்டிவருகின்றனர். செலவு அழியாது, கைதான் மாறும் என்ற விதிக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

அடுத்து, தமிழ்த் தொடர்பு. அது இல்லாத ஆய்வை நம் ஆய்வுலகம் ஏற்பதில்லை. கொடிக்கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து இறங்கும் சிலாலம் போட்டியை, 1922இல் மியூரன் என்ற மலையூரில் இன்றைய வடிவில் அமைத்தவர் ஆர்னால்ட் லன். இவர் 1888இல் பிறந்த ஊர் சென்னப்பட்டணம். தந்தை ஹென்றி லன் மெதடிஸ்த சபையின் ஊழியராக இந்தியா வந்தவர்; பின்னாளில் ஊர் திரும்பி, ஆங்கிலேயச் சீமான்களை ஆல்ப்ஸ் மலைக்குக் குளிர்கால விடுமுறைக்கு அழைத்துச் செல்லும் தொழிலில் இறங்கினார். எனவே வளைந்திறங்கும் கலை தமிழ் மண்ணில் தோன்றியது என நிறுவ இடமுண்டு. அம்மண்ணில் பனி பெய்வதில்லை என்பது மட்டுமே எதிர்ச்சான்று; ஒற்றைச் சான்றைக் கொண்டு ஒரு கோட்பாட்டைத் தள்ளுவது முறையன்று.

ஆதியில் ஏறுவதும் இறங்குவதும் ஒருவரே செய்த வேலை. பலகையின் அடியில் கடல்நாய்த் தோலைக் கட்டிக்கொண்டு காலை முழுதும் ஏறி, சில நிமிடங்களில் இறங்கினர். 1934இல் ஏர்ன்ஸ்ட் கொன்ஸ்தம் என்ற சூரிச் பொறியாளர், ஆட்களைக் கம்பியில் கொளுவி மேலே இழுக்கும் ஏற்பாட்டை டாவோஸில் நிறுவினார். இரண்டே ஆண்டுகளில், அமெரிக்காவின் சன் வேலியில் ஜேம்ஸ் கரன் என்ற ரயில்வே பொறியாளர் நாற்காலிகளையே கம்பியில் தொங்கவிட்டார். கப்பலில் வாழைக்குலை ஏற்றும் கருவியிலிருந்து அவருக்கு வந்த யோசனை அது. வாழைக்குலை போன வழியில் மனிதர் போகத் தொடங்கினர். வித்தியாசம் ஒன்றுதான்: வாழைக்குலையிடம் யாரும் சீட்டுக் கேட்டதில்லை.

3. கருதுகோள்

புவியீர்ப்புக்குக் கட்டணம் இல்லை. உச்சியில் நிற்பவரைக் கீழே கொண்டுவர எந்தக் கம்பனியும் ஒரு சதமும் செலவிடுவதில்லை. அவர் விரும்பாவிட்டாலும் வந்துசேர்வார். விற்பனைக்கு உள்ளது ஏற்றம் மட்டுமே. பேர்பெற்ற இடங்களில் பெரியவர் ஒருவருக்கு நாள் சீட்டு 80 பிராங்கைத் தாண்டுவது சாதாரணம். விமானச் சீட்டைப் போல, முந்தி வாங்கினால் ஒரு விலை, வானம் வெளித்த ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு விலை என்ற வழக்கமும் பரவியுள்ளது.

இதிலிருந்து இரண்டு தேற்றங்கள் பெறப்படும். ஒன்று: சறுக்குவோர் கட்டும் காசு முழுவதும் அவர்கள் சறுக்காமல் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கானது. இரண்டு: உயர ஏறும் ஆசை, இறங்கத் தெரிந்தவருக்கே வரும், ஆகவே திறமை கூடக் கூடச் செலவும் கூடும். இறங்கத் தெரியாதவருக்கு அடிவாரத்துப் பயிற்சித் திடலே உலகம். அங்கே மாயக் கம்பளம் எனப்படும் நகரும் பட்டை, நின்றபடியே ஆளை மேட்டுக்குக் கொண்டுபோய் விடும். அதற்கான கட்டணம் சிறிது. சில ஊர்களில் அதுவும் இல்லை. சுருங்கச் சொன்னால், தெரியாமையே ஆகப்பெரிய கழிவு.

சட்டமும் தேற்றத்தின் பக்கமே நிற்கிறது. சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனம் 1967இல் வகுத்த பத்து நடத்தை விதிகளில் மூன்றாவது, முன்னே செல்பவருக்கு ஆபத்து நேராத வழியைப் பின்னால் வருபவரே தேர்ந்துகொள்ள வேண்டும் என்கிறது. கற்றுக்குட்டியை எல்லாரும் பின்னாலிருந்து வந்தே கடப்பதால், அவர் எந்நேரமும் முன்னே செல்பவர். மலையிலேயே அதிகப் பாதுகாப்புப் பெற்ற குடிமகன்.

விழுவதற்கும் ஏற்பாடு உண்டு. ஒரே முதலாளியிடம் வாரம் எட்டு மணிநேரமாவது வேலை செய்பவருக்கு, வேலைக்கு வெளியே நேரும் விபத்துக்கும் கட்டாயக் காப்பீடு இருக்கிறது. தொகையைச் சம்பளத்தில் கழித்துவிடுவர். எனவே கால் முறிவு மட்டுமே இவ்விடுமுறையில் முற்பணம் கட்டி முடிந்த இனம்.

4. தரவும் பகுப்பாய்வும்

4.1 உறைவிடம்

மாநிலத்துக்கு மாநிலம் விடுமுறை வாரம் வேறுபடும். எந்த வாரத்தில் எந்த ஊர்ப் பிள்ளைகள் வருவார்கள் என்ற கணக்கு வீட்டுக்காரருக்கு மனப்பாடம். வாடகை வீடுகள் பெரும்பாலும் சனி முதல் சனி வரை. விளம்பரத்தில் காணும் வாடகை ஒரு முன்னுரையே. கடைசித் துப்புரவுக்கு ஒரு தொகை, ஆளுக்கும் இரவுக்கும் ஊர் வரி ஒரு தொகை எனப் பின்னிணைப்புகள் தொடரும். ஊர் வரியைக் கட்டியவர்க்குக் கிடைக்கும் விருந்தினர் அட்டையில் உள்ளூர்ப் பேருந்து பல இடங்களில் இலவசம். கட்டியதை மீட்க, தேவையின்றியும் அதில் ஏறி இறங்கும் கணவர்கள் தனி ஆய்வுக்குரியவர்கள்.

பயணத்தில் மட்டும் மலிவு மெய்யாகவே உண்டு. ஆண்டுக்கு 30 பிராங்குக்கு வாங்கும் பிள்ளைகள் அட்டை இருந்தால், தாய் அல்லது தகப்பனோடு வரும் பிள்ளைக்கு ரயிலில் சீட்டு வேண்டாம். எனவே பனிச்சறுக்கு விடுமுறையின் மலிவான பகுதி, பனிக்கு வந்து சேராத பகுதி.

4.2 உடையும் பலகையும்

ஜீன்ஸ் ஆகாது, பருத்தி நனைந்தால் காயாது. இரண்டு காலுறை போட்டால் இரட்டைச் சூடு என்பதும் பொய். சப்பாத்துக்குள் இரத்த ஓட்டம் நெருங்கிக் கால் இன்னும் குளிரும். மெல்லிய நீண்ட காலுறை ஒன்றே போதும். அல்டி, லிடல் கடைகளில் குளிர்காலத் தொடக்கத்தில் வரும் மலிவு உடுப்பு, இலையுதிர் காலத்தில் ஊர்தோறும் கூடும் பழைய பலகைச் சந்தை, புரொக்கி என்னும் பழம்பொருள் கடை ஆகிய மூன்றும் குடும்பத்தைக் காத்தன. வளரும் பிள்ளைக்குப் பலகையும் சப்பாத்தும் பருவம் முழுவதற்குமாக வாடகைக்கு எடுப்பதே கணக்கு.

தலைக்கவசத்தை மட்டும் பழையதாக வாங்கக்கூடாது. அது முன்பு எங்கே முட்டியது என்பதை அது சொல்லாது. வெயில் களிம்பையும் விடமுடியாது. ஆயிரம் மீட்டர் ஏறினால் புறஊதாக் கதிர் பத்து விழுக்காடளவு கூடுகிறது; புதுப்பனி அதில் எண்பது விழுக்காடு வரை திருப்பி முகத்தில் அடிக்கிறது. "எங்கட தோலுக்கு என்ன செய்யும்?" என்ற மரபான வாதம், மூன்றாம் நாள் கண்ணாடி போட்ட இடம் மட்டும் வெளுத்து நின்றபோது தானாக அடங்கியது.

4.3 உண்மை பேசும் இடம்

நீதிமன்றத்திலும் மருத்துவரிடமும் சொல்லாத உண்மையை மனிதர் பலகை வாடகைக் கடையில் சொல்ல நேர்கிறது. விழும்போது சப்பாத்து பலகையிலிருந்து கழன்றுகொள்ள வேண்டும். எவ்வளவு விசைக்குக் கழலலாம் என்பதை எடை, உயரம், வயது, சப்பாத்தின் அடிநீளம், சறுக்கும் திறன் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிட்டு, திருகி வைப்பர். எடையைக் குறைத்துச் சொன்னால் கழலவேண்டாத நேரத்தில் கழன்றுவிடும். தெரியாத திறமையைத் தெரியும் என்றால், கழலவேண்டிய நேரத்தில் கழலாது, முழங்கால் கழலும்.

பின்னால் வரிசை நிற்க, கடைப்பையன் உரத்த குரலில் எடை கேட்டபோது பதிவான உரையாடல் வருமாறு: "இஞ்சாருங்கோ, நீங்கள் அங்கால போய்ப் பிள்ளையளைப் பாருங்கோ." "பிள்ளையள் இஞ்சதானே நிக்கினம்." "போங்கோ எண்டு சொல்றன்." இத்தனை ஆண்டுத் திருமண வாழ்வில் கணவன் அறியாத எண்ணை ஒரு திருகாணி அறிந்தது. கணவனின் முறை வந்தபோது திறன் பற்றிய கேள்விக்கு அவர் "நடுத்தரம்" என்று விடையளித்தார். மகள் சிரித்ததால் கடைப்பையன் தானாகவே அதைத் தொடக்கநிலை என மாற்றி எழுதினான். கூர்மையான தரவுச் சரிபார்ப்பு.

4.4 உணவு

மலைமேல் உணவகங்களின் விலை, கடல் மட்டத்திலிருந்து அவை நிற்கும் உயரத்தோடு இசைந்தே செல்கிறது. ஆனால் பல இடங்களில் கட்டுச்சோற்றுக்காரருக்கென ஓர் அறை உண்டு. பதினொன்றரைக்குள் போனால் இருக்கை நிச்சயம். கொண்டுபோன உணவுகளில் பிட்டு தோற்றது, குளிரில் மணலாயிற்று. ரோல்ஸ் வென்றது. குடுவையில் இஞ்சிப் பிளேன்டீ கொண்டுபோனவருக்கு அறையில் தனி மரியாதை.

இரவுச் சமையலில் இயற்பியல் குறுக்கிட்டது. 1,800 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். கொதிக்கும், ஆனால் பருப்பு வேகாது. வாடகை வீட்டில் பாலாடைக்கட்டி உருக்க ஒரு கருவியும் வாட்ட ஒரு கருவியும் தவறாமல் இருக்கும்; பிரஷர் குக்கர் இராது. ஆதலால் பயணப் பொதியில் முதலில் வைக்கவேண்டியது பிரஷர் குக்கர், அடுத்ததே கையுறை. உருக்கும் கருவியாகிய மண்சட்டி மீன் குழம்புக்கு மிகப் பொருந்திற்று என்பது ஆய்வின் துணைக் கண்டுபிடிப்பு. வீட்டுக்காரருக்கு அது இன்னும் அறிவிக்கப்படவில்லை.

5. மாற்றுக் கோட்பாடுகள்

2016இல் சாஸ்-ஃபே என்ற ஊர், 99,999 பேர் சேர்ந்தால் பருவம் முழுவதற்கும் சீட்டு 222 பிராங்க் என்று அறிவித்தது. நம்மவருக்கு இதை விளக்கத் தேவையில்லை; ஆள் சேர்த்துச் சீட்டுப் பிடிப்பதைப் போன்றதுதான், தாய்ச்சீட்டுக்காரர் மட்டும் ஒரு மலை. மறு ஆண்டே மேற்குச் சுவிஸின் 25 இடங்கள் கூடி, முன்விற்பனையில் 359 பிராங்குக்கு மேஜிக் பாஸ் என்ற பொதுச் சீட்டைக் கொண்டுவந்தன. ஆனால் பருவச் சீட்டு வாங்கியவர் காசை ஈடுசெய்ய அடிக்கடி போவார்; அடிக்கடி போனால் தேறுவார்; தேறினால் இரண்டாம் தேற்றம் பிடித்துக்கொள்ளும்.

இதனினும் மலிவான வழி, பிள்ளையாக இருப்பது. கட்டாயப் பள்ளி முகாமுக்குப் பெற்றோரிடம் சாப்பாட்டுச் செலவை மட்டுமே வாங்கலாம், அதுவும் வயதுக்கேற்ப நாளுக்கு 10 முதல் 16 பிராங்க் என்று 2017 டிசம்பரில் சுவிஸ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1941இல் தொடங்கி இன்று லெங்க் ஊரில் நடக்கும் இளையோர் முகாமோ, குலுக்கலில் பெயர் விழுந்தவர்க்குக் கிட்டத்தட்ட இலவசம். இவ்வழிகளில் பெற்றோருக்கு இடமில்லை என்பதே குறை. பிள்ளைகள் இதைக் குறையாகக் கருதவில்லை.

6. கருதுகோளின் வீழ்ச்சி

முதலிரு நாள்கள் தேற்றம் அசையாமல் நின்றது. மகள் பள்ளி முகாமில் ஏற்கெனவே தேறியவள் என்பதால் அவளுக்கு மட்டும் நாள் சீட்டு. மற்ற மூவரும் மாயக் கம்பளத்தில். பலகை நுனிகளை முன்னே கூட்டி வைத்தால் பிட்சாத் துண்டு, வேகம் குறையும். இணையாக வைத்தால் உருளைக்கிழங்குப் பொரியல், வேகம் கூடும் என்பது அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் பாடம். மகன் பிட்சாவை ஒரு முற்பகலில் முடித்துப் பொரியலுக்குப் போனான். தந்தை பிட்சாவிலேயே நின்றார், அதுவும் நிற்கவில்லை.

மூன்றாம் நாள் காலை மகன் அறிவித்தான்: "அம்மா, இது சின்னப் பிள்ளையளின்ர இடம். அக்காவோட மேல போவம்." இந்த வாக்கியத்தின் பண மதிப்பு, நான்கு நாளுக்குச் சிறுவர் சீட்டு. எட்டு வயதுச் சிறுவன் தரையிலிருந்து அதிக உயரத்தில் இல்லை, விழுவதை அவமானமாக எண்ணுவதும் இல்லை. எனவே விரைவில் தேறுகிறான். தேறாமையின் மீது கட்டிய சிக்கனம், பிள்ளைகள் உள்ள வீட்டில் இரண்டு நாளுக்கு மேல் செல்லாது. பெற்றோர் இருவரும் வாரம் முழுவதும் கருதுகோளுக்கு விசுவாசமாக இருந்தனர் என்பதைப் பதிவுசெய்வது கடமை.

7. பரிந்துரைகள்

முதன்முறை செல்லும் குடும்பம் பேர்பெற்ற மலையைத் தவிர்த்து, இரண்டு மூன்று இழுவைகள் மட்டுமே உள்ள சிற்றூரைத் தேர்க. அங்கே தேறினாலும் ஏறுவதற்கு அதிகம் இராது. முதலிரு நாளுக்கு யாருக்கும் முழுச் சீட்டு வாங்கற்க. பயிற்றுநருக்கான காசைப் பிள்ளைக்குச் செலவிடுக. பெற்றோருக்குப் பிள்ளை இலவசமாகக் கற்பிக்கும், பணிவை எதிர்பார்க்காதிருந்தால்.

திறமை கூடியபின் சிக்கனம் சாத்தியமா என்பது தீராத வினா. அடுத்த பெப்ரவரியில் அதே களத்தில் ஆய்வைத் தொடர இவ்வாய்வாளர் ஆயத்தமாக உள்ளார். நல்கை வழங்க முன்வரும் பல்கலைக்கழகங்கள், பெரியவர் இருவர், சிறுவர் இருவர், ஆறு நாள் என்று குறித்துச் சீட்டுகளை முன்கூட்டியே வாங்கி அனுப்பினால், விலை சற்றுக் குறையும்.