நாலு பேரைத் தடுக்க அஞ்சு பேர்

2020 பிப்ரவரியில் எங்கள் ஊர் அணி சூப்பர் பவுலை ஜெயித்தபோது எனக்கு அமெரிக்க ஃபுட்பாலில் அரிச்சுவடி கூடத் தெரியாது. ஐம்பது வருஷம் கழித்துக் கிடைத்த கோப்பை என்றார்கள். தெருவெல்லாம் வாணவேடிக்கை. முன்பின் தெரியாதவர்கள் என்னைக் கட்டிப்பிடித்தார்கள், நானும் கட்டிப்பிடித்தேன். "என்ன ஆட்டம், பார்த்தியா!" என்றார்கள். "ஆமாமா, என்ன ஆட்டம்!" என்றேன். ஜெயித்தவன் எதையும் விளக்கிச் சொல்ல மாட்டான். அவனுக்கு ஏது நேரம்?

அடுத்த வருஷம் 2021 பிப்ரவரி 7ஆம் தேதி அதே அணி, அதே இறுதி ஆட்டத்தில், 31–9 என்று தோற்றது. மறுநாள் மத்தியானத்துக்குள் எனக்கு ஃபுட்பால் தெரிந்துவிட்டது.

எங்கள் ஊர் என்றால் கான்சஸ் சிட்டி. நான் குடியிருப்பது கான்சஸ் மாநிலத்து ஓவர்லாண்ட் பார்க்கில். கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் ஆடுகிற மைதானம் இருப்பதோ மிசௌரி மாநிலத்தில். இதை என் மாமனாருக்குப் புரியவைக்க வருஷக்கணக்காக முயன்று, கடைசியில் "நம்ம காரைக்கால் மாதிரின்னு வச்சுக்குங்க மாமா" என்று சொல்லி முடித்துவிட்டேன். அது மாதிரியும் இல்லைதான். ஃபுட்பால் என்று பெயர் வைத்துவிட்டு ஏன் கையால் எறிகிறார்கள் என்று அடுத்த கேள்வி வந்தது. லைன் சரியில்லை மாமா என்று போனை வைத்தேன். அணிக்கும் அதேதான் பிரச்சினை, லைன் சரியில்லை. அது அப்போது எனக்குத் தெரியாது.

தோற்ற ஆட்டத்தை எதிர்வீட்டுப் பெரியவரின் கராஜில் பார்த்தேன். கொரோனா காலம். லாரி ஓட்டி ரிடையர் ஆன மனிதர். கராஜ் கதவை முழுக்கத் திறந்து வைத்து, உள்ளே டிவி, மூலையில் ஹீட்டர், ஆறடிக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார். வெளியே பனி. முந்தின ராத்திரியே இறைச்சியைப் புகையில் போட்டு எங்கள் ஊர்ப் பெருமையான 'பர்ன்ட் எண்ட்ஸ்' தயாரித்திருந்தார். நான் சைவம் என்பதால் என் மனைவி ஒரு தூக்கு நிறையக் கொண்டைக்கடலைச் சுண்டல் கொடுத்தனுப்பினாள். முதல் பாதி முடிவதற்குள் இறைச்சியைத் தொட யாருக்கும் மனசில்லை. ஆட்டம் முடிந்தபோது தீர்ந்திருந்தது சுண்டல் மட்டும்தான். துக்க வீட்டில் சுண்டல் போவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்தப் பக்கம் டாம்பா பே அணியில் 43 வயது டாம் பிரேடி. சொந்த மைதானத்திலேயே சூப்பர் பவுல் ஆடிய முதல் அணி என்ற கொடுப்பினை வேறு அவர்களுக்கு. இந்தப் பக்கம் எங்கள் 25 வயது பாட்ரிக் மஹோம்ஸ், ஊரே தலைமேல் வைத்துக் கொண்டாடும் க்வார்ட்டர்பேக். பந்தை வாங்கி, நின்று நிதானமாய் ஆள் பார்த்து எறிய வேண்டியவர். அவர் நின்றதையே நான் பார்க்கவில்லை. பந்து கைக்கு வந்ததும் ஓடினார். இடப்பக்கம் ஓடினார், வலப்பக்கம் ஓடினார், வந்த திசையிலேயே திரும்பி ஓடினார். எறிவதற்கும் வீழ்த்தப்படுவதற்கும் முன்னால் அவர் இப்படி ஓடிய தூரத்தைக் கூட்டினால் 497 கெஜம் என்று பிறகு கணக்குச் சொன்னார்கள். (கெஜக்கணக்கு நம்மூரில் பழைய ஜவுளிக்கடையோடு போய்விட்டது. இங்கே ஃபுட்பாலில் சௌக்கியமாக இருக்கிறது.) கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர். அதில் அணிக்குப் பெரிதாக ஒன்றும் தேறவில்லை.

நான்காவது கால்பகுதியில் ஒரு காட்சி. இருவர் துரத்த, மஹோம்ஸ் ஓடி ஓடி, கால் இடறி, உடம்பு தரைக்குச் சமமாக அந்தரத்தில் படுத்திருக்கும்போது பந்தை எறிந்தார். அது காற்றில் சுழன்று போய், கோட்டுக்குள் நின்றிருந்த தன் அணிக்காரரின் முகக்கவசத்தில் நேராக இடித்துக் கீழே விழுந்தது. கராஜில் யாரும் மூச்சுவிடவில்லை. பெரியவர் எழுந்து ஹீட்டரை அணைத்தார். கூட்டம் முடிந்தது என்று அர்த்தம்.

மறுநாள் திங்கட்கிழமை. காலை ஒன்பது மணிக்கு எங்கள் அலுவலகத்தில் பதினைந்து நிமிஷ வீடியோ கூட்டம் ஒன்று தினமும் உண்டு. நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப்போகிறாய், வேலைக்குத் தடையாக ஏதாவது 'பிளாக்கர்' இருக்கிறதா என்று ஒவ்வொருவரையும் மேனேஜர் கேட்பார். அன்றைக்கும் பழக்கதோஷத்தில் "பிளாக்கர் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். மூலைப் பெட்டியில் எப்போதும் வாய் திறக்காத ஒருவர் மைக்கை ஆன் செய்து, "இருந்திருந்தா நேத்து ஜெயிச்சிருப்போமே" என்றார். ஃபுட்பாலில் எதிராளியைத் தடுப்பவருக்கும் பிளாக்கர் என்றுதான் பெயர்.

கூட்டம் ஒன்றேகால் மணிநேரம் நடந்தது.

ஒருவர் நடுவர்களைச் சாடினார். 11 தவறுகள், 120 கெஜம் தண்டனை என்று விரல் மடக்கினார். இன்னொருவர் பயிற்சியாளர் ஆண்டி ரீடை உண்டு இல்லை என்று பண்ணினார். கரை உடைந்திருக்கிறது என்று தெரிந்தும் இன்னும் ஓரிருவரைத் தடுக்க நிறுத்தாமல் எல்லோரையும் பந்து பிடிக்க அனுப்பினால் எப்படி என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். டெஸ்டிங் பெண்மணி, எல்லாத் தப்பும் தன்மேல்தான் என்றார். ஜெயித்துக்கொண்டிருந்த காலம் முழுக்கத் துவைக்காமல் வைத்திருந்த சிவப்பு ஜெர்சியைச் சனிக்கிழமை கை தவறி மெஷினில் போட்டுவிட்டாராம். யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் மெதுவாகத் தலையாட்டினார்கள்.

எல்லோர் பேச்சும் சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்த இடம் 'ஓ-லைன்'. அது என்ன என்று கேட்க வெட்கப்பட்டு, மத்தியானம் பனி தள்ளப் போன இடத்தில் பெரியவரிடம் கேட்டேன். மண்வெட்டியைக் கீழே போட்டார். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல என் டிரைவ்வேயில் பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டார்.

நடுவில் உப்பு மூட்டையை வைத்தார், அது சென்டர். இரண்டு பக்கமும் இரண்டு மறுசுழற்சிப் பெட்டிகள், கார்டுகள். வலது ஓரத்தில் பெரிய குப்பைத்தொட்டி, ரைட் டேக்கிள். பின்னால் என் பையனின் மூன்று சக்கர சைக்கிள், அதுதான் மஹோம்ஸ். இடது ஓரம் காலியாக இருந்தது. என்னைப் பார்த்தார். "நீ லெஃப்ட் டேக்கிள்."

எனக்கு எடை 64 கிலோ. நிஜத்தில் அந்த இடத்தில் நிற்பவர் 140 கிலோ பக்கம் இருப்பார். இந்த ஐந்து பேருக்கும் ஒரே வேலை: சைக்கிளை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வது. எதிராளியைப் பிடித்து இழுக்கக் கூடாது. பின்பக்கம் நகர்ந்துகொண்டே, முன்பக்கமாகப் பாய்ந்து வருகிறவனைத் தடுக்க வேண்டும். வலக்கையால் எறிபவருக்கு இடப்பக்கம் முதுகுப்பக்கம் ஆகிவிடும் என்பதால், இடது ஓரத்தில் நிற்பவன் அசந்தால் எறிபவனுக்கு அடி எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. இவ்வளவும் சொல்லிவிட்டுப் பெரியவர் பத்தடி தள்ளிப்போய் நின்றார். அவருக்கு முழங்கால் வலி உண்டு, நொண்டித்தான் வருவார் என்று நினைத்தேன். வந்தார். நான் பின்னால் ஓரடி வைத்தேன், காலடியில் பனிக்கட்டி. உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தபோது அவர் சைக்கிள் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, "இதுதான் நேத்து நடந்தது" என்றார்.

ஜன்னலில் மனைவி நின்றிருந்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை.

பிறகு ஒவ்வொரு பொருளாக எடுத்துக் கதை சொன்னார். உண்மையான லெஃப்ட் டேக்கிள் எரிக் ஃபிஷர், இறுதி ஆட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னால் குதிகால் தசைநாண் அறுந்து படுத்துவிட்டார். ரைட் டேக்கிள் மிட்செல் ஷ்வார்ட்ஸ், ஒரு காலத்தில் தொடர்ந்து 7,894 தடவை ஒன்றுகூட விடாமல் களத்தில் நின்றவர், முதுகு போய் உட்கார்ந்துவிட்டார். கார்டு ஒருவருக்கு அக்டோபரிலேயே காயம். இன்னொரு கார்டு லோரான் டூவெர்னே-டார்டிஃப் மருத்துவம் படித்தவர். கொரோனா வந்ததும் இந்த வருஷம் ஆட மாட்டேன் என்று சொல்லி மாண்ட்ரியால் பக்கம் முதியோர் பராமரிப்பு இல்லத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். சீசன் தொடங்கிய அன்று நின்ற இடத்திலேயே கடைசி நாளும் நின்றது சென்டர் ஒருவர்தான். பெரியவர் குப்பைத்தொட்டியை வலமிருந்து இடத்துக்குத் தள்ளினார், மறுசுழற்சிப் பெட்டியை வலது ஓரத்துக்கு மாற்றினார். தள்ளும்போதே ஒரு மூடி கழன்று விழுந்தது. உப்பு மூட்டை மட்டும் அப்படியே இருந்தது.

அணியில் இருந்த ஒரே டாக்டர் முதியோர் இல்லத்து வேலைக்குப் போய்விட, அந்த வாரம் ஊர் முழுக்க டாக்டர்களாக ஆனது. பெட்ரோல் பங்க்கில், மளிகைக்கடை வரிசையில், குழந்தையின் ஆன்லைன் வகுப்பு முடிந்து டீச்சர் கைகாட்டும் நேரத்தில், எங்கே பார்த்தாலும் குதிகால் தசைநாண் எத்தனை மாதத்தில் கூடும், முதுகுத் தட்டு நழுவினால் குனியலாமா என்ற ஆலோசனைதான். மஹோம்ஸுக்கும் கால் பெருவிரலில் காயம் இருந்தது. புதன்கிழமை அறுவை சிகிச்சை நடந்தது. அன்று எங்கள் கூட்டத்தில் பெருவிரலுக்கு மட்டும் இருபது நிமிஷம்.

இதையெல்லாம் வீட்டில் வந்து சொன்னபோது மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள். "அவனுங்க எத்தனை பேருங்க வந்தாங்க, துரத்த?"

"பெரும்பாலும் நாலு பேர்."

"தடுக்க எத்தனை பேர்?"

"அஞ்சு."

"நாலு பேரைத் தடுக்க அஞ்சு பேர் பத்தலையா?"

அமெரிக்கத் தொலைக்காட்சியில் கோட் போட்ட நிபுணர்கள் ஒரு வாரம் மேஜையைத் தட்டிப் பேசியதன் சாரம் இதுதான்.

எனக்கு அந்த ஐவர்மேல் ஒரு ஒட்டுதல் வந்தது. ஆட்டத்தில் அவர்கள் முன்னே எறியும் பந்தைப் பிடிக்கக் கூடாது, அது விதி. பந்தை எறிபவனுக்குக் கைதட்டல், பிடிப்பவனுக்கு ஆரவாரம். இவர்களைப் பற்றி மைதானத்து ஒலிபெருக்கியில் வருவது எப்போது தெரியுமா? தப்புச் செய்யும்போது. நடுவர் விசில் ஊதி, மைக்கைத் தட்டி, "பிடித்து இழுத்தது, எழுபத்திச்சொச்சம் நம்பர்" என்று எழுபதாயிரம் பேருக்கு முன்னால் அறிவிப்பார். நான் இருப்பது புரொடக்ஷன் சப்போர்ட்டில். சர்வர் ஓடுகிற மூன்றரை வருஷம் யாருக்கும் என் பெயர் தெரியாது. ஒரு ராத்திரி நாற்பது நிமிஷம் நின்றது, வைஸ் பிரசிடெண்ட் வரைக்கும் என் பெயரைத் தப்பில்லாமல் உச்சரித்தார்கள். திருவாரூரில் சின்ன வயதில் தேர் பார்க்கப் போவேன். எல்லோர் கண்ணும் மேலே அலங்காரத்தில் இருக்கும். சக்கரத்துக்கு அடியில் குனிந்து முட்டுக்கட்டை போடுகிறவர்களை, தேர் வழிமாறினால்தான் தேடுவார்கள். "எவண்டா கட்டை போட்டது?"

2021 மார்ச்சில் ஃபிஷர், ஷ்வார்ட்ஸ் இருவரையும் ஒரே நாளில் அணி விடுவித்தது. லைன் அடியோடு மாறியது. ஜோ தூனி என்ற கார்டுக்கு ஐந்து வருஷத்துக்கு 8 கோடி டாலர். பால்டிமோர் அணியிலிருந்து ஒரு டேக்கிள். புது சென்டர். புதுமுகத் தேர்வில் 226ஆவது ஆளாகப் பொறுக்கி எடுத்த டிரே ஸ்மித் முதல் வருஷமே கார்டாக நிலைத்துவிட்டார். பழைய ஐவரில் கடைசியில் முதல் வரிசையில் மிஞ்சியது ஆண்ட்ரூ வைலி மட்டும். டிரைவ்வேயில் மூடி கழன்ற மறுசுழற்சிப் பெட்டி, அவரேதான். 2023 பிப்ரவரியில் மறுபடி சூப்பர் பவுல். எதிரே பிலடெல்பியா ஈகிள்ஸ், அந்த சீசனில் 70 தடவை எதிரணி க்வார்ட்டர்பேக்கை வீழ்த்தியவர்கள். அன்று மஹோம்ஸை ஒரு தடவைகூட வீழ்த்த முடியவில்லை. 38–35, கோப்பை எங்களுக்கு. மறுநாள் கூட்டம் பதினைந்து நிமிஷத்தில் முடிந்தது. வைலி பெயரை ஒருவர் சொல்லவில்லை. அடுத்த மாதம் அவர் வாஷிங்டன் அணிக்குப் போய்விட்டார்.

2025 பிப்ரவரி 9. அதே ஈகிள்ஸ், இந்தத் தடவை 40–22. இடைவேளையின்போது 24–0. மஹோம்ஸை ஆறு தடவை வீழ்த்தினார்கள். லெஃப்ட் டேக்கிள் சரியாக அமையாமல், கார்டான தூனியை அந்த ஓரத்தில் நிறுத்தியிருந்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்து மூன்று மாதமே ஆன பையன் ஒருவன் எங்கள் வீட்டில் ஆட்டம் பார்த்தான். "என்னண்ணா ஆச்சு?" என்று பாவம், மரியாதைக்குக் கேட்டான். நான் சாப்பாட்டு மேஜையில் இட்லிகளை வரிசையாக வைத்தேன். நடுவில் சட்னிக் கிண்ணம், சென்டர். பின்னால் காபி டம்ளர். ஒரு இட்லியை உள்ளிருந்து இடது ஓரத்துக்கு நகர்த்தி, "இங்கதான் தம்பி தப்பு" என்று தொடங்கினேன். முடித்தபோது மணி பதினொன்று. "அண்ணா, இட்லி ஆறிடுச்சு" என்றான்.

அடுக்களையிலிருந்து மனைவி குரல் வந்தது. "இப்பவும் நாலு பேருதானா?"

நாலு பேர்தான். அன்று ஈகிள்ஸ் நாலுக்கு மேல் ஆள் அனுப்பவே இல்லை.

அடுத்த மாதம் தூனியைச் சிகாகோவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏப்ரலில் புதுமுகத் தேர்வின் முதல் சுற்றில், 32ஆவது ஆளாக, ஜோஷ் சிம்மன்ஸ் என்ற ஒஹாயோ ஸ்டேட் பையனை லெஃப்ட் டேக்கிளாக எடுத்தார்கள். அதற்கு முந்தின அக்டோபரில் முழங்கால் தசைநாண் அறுந்து அறுவை சிகிச்சை ஆனவன். அறிவிப்பு வந்த மறுநாள் காலை எதிர்வீட்டுப் பெரியவர் தெருவைத் தாண்டி, தன் முழங்காலைத் தடவிக்கொண்டே வந்தார். நான் குப்பைத்தொட்டியை எடுத்து வைத்தேன்.