தாழ்யாழ் மூப்பூட்டியல்

மாணாக்க, கேள். ஊரார் பேஸ் கிட்டார் என வழங்கும் நான்கு நரம்பு மின்கருவியை இந்நூல் 'தாழ்யாழ்' என்னும். 1951இல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் லியோ ஃபெண்டர் வெளிக்கொணர்ந்த பிரிசிஷன் பேஸும், 1957இல் அது கொண்ட திருந்திய வடிவும் நமக்கு மேல்வரிச்சட்டம். நேற்றுக் கடையில் வாங்கிய தாழ்யாழை அறுபதாண்டு உழைத்ததெனத் தோன்றச் செய்தல் மூப்பூட்டல். அது கண்மூப்பு, செவிமூப்பு என இருவகைப்படும். மூக்கிற்கு உரியதும் ஒன்று உண்டு. அதனை ஒழிபில் காண்க.

1. கண்மூப்பு. உராய்வு, வெடிப்பு, நிறத்திரிபு, துரு, துளை என ஐந்தாம்.

1.1. உராய்வாவது மெருகு தேய்ந்து மரம் வெளிப்படுதல். இடம்பற்றி மூன்று: மேல்விளிம்பில் முன்கையுராய்வு, முதுகில் இடைவார்க்கொளுவியுராய்வு, கழுத்தின் பின்புறம் பெருவிரலுராய்வு. உடம்பு தொடாத இடத்தில் உராய்வு இல்லை என்பது நெறி. இந்நெறி அறியாதார் உப்புத்தாளை எடுத்த கையோடு கருவியின் நடுமார்பைத் தேய்ப்பர். அதற்கு எலிகொறிப்பு என்று பெயர், நூலோர் கொள்ளார்.

1.2. வெடிப்பாவது மெருகில் மயிரிழை போல் கோடு ஓடுதல். நைட்ரோசெல்லுலோஸ் மெருகு ஆண்டுதோறும் சுருங்கும். குளிரும் வெம்மையும் மாறிமாறித் தாக்க, மரத்தோடு ஒத்து நீள மாட்டாமல் பிளக்கும். 1960களின் இறுதியில் ஃபெண்டர் நிறுவனம் கைக்கொண்ட பாலியெஸ்டர் மெருகோ தடித்தது; எளிதில் பிளவாது. ஆகலின் வெடிப்பை விரும்புவோன் மெருகின் குலம் அறிந்தபின்பே கருவியைக் குளிர்ப்பெட்டியுள் கிடத்துக.

1.3. நிறத்திரிபு இரண்டு. மேற்பூச்சு மஞ்சளிப்பதால் வெள்ளை வெண்ணெயாதல் ஒன்று. அம்மஞ்சளால் நீலம் பசுமையாதல் மற்றொன்று. வெள்ளைக் காப்புத்தகட்டைக் கடுந்தேநீரில் ஊறவைத்தலும் இதன்பாற்படும். தேநீரில் பால் சேர்த்தல் வழு.

1.4. துரு. திருகாணிகளை மூடிய பெட்டியுள் காடியின் ஆவியில் வைக்க. காடி ஆணியைத் தொடலாகாது, ஆவியே தொடவேண்டும். நிக்கல் பூச்சு விரைவில் மங்கும், குரோமியம் பிடிவாதம் செய்யும்.

1.5. துளை. பழங்கருவிகளில் நரம்புதாங்கியின்மேல் ஒரு மாழைமூடி இருந்தது. வாசிப்போர் பலர் அதைக் கழற்றிச் சாம்பல்கிண்ணம் ஆக்கினர். உடலில் ஆணித்துளைகள் எஞ்சின. எனவே மூடியை ஒருநாளும் அணியாத புதுக்கருவியிலும் மூடி கழன்ற துளைகள் இடப்பெறும். விரல்தாங்கிக் கட்டை 1974வரை மெல்லிய நரம்பின் பக்கம் இருந்தது, பெருவிரலால் மீட்டுவர் என்று கருதியமையின். அதன்பின் எதிர்ப்பக்கம் சென்றது. இரு பக்கமும் துளையிடுவோன் இரண்டு ஊழியைக் கலந்தவன் ஆவான்.

ஈண்டு ஒரு தடை. கருவியை நாள்தோறும் வாசித்தால் இவையெல்லாம் தாமே வாராவோ எனின், வரும். ஆயினும் அது வாசிப்பியல், இந்நூற்கு அயல். ஃபெண்டரின் தனிப்பட்டறையே 1995இல் 'ரெலிக்' என்னும் பெயரால் மூப்பூட்டிய கருவிகளை விற்கத் தொடங்கியது என அறிக.

2. செவிமூப்பு. கண்மூப்பினும் இதுவே சிறந்தது என்பது எம் துணிபு. கண்ணை மூடினும் நிற்பதாகலின். நரம்பு, மின், பஞ்சு என மூன்று.

2.1. நரம்பு இருவகைத்து: உருட்சுற்று, தட்டைச்சுற்று. முன்னது கணகணக்கும், பின்னது 'தும்' என்று ஒலித்து அடங்கும். மூப்பிற்கு உரியது பின்னதே. டெட்ராய்ட்டின் மோட்டவுன் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஜேம்ஸ் ஜேமர்சன் 1962 பிரிசிஷன் பேஸில் தடித்த தட்டைச்சுற்று நரம்பு பூட்டி, 'கொக்கி' எனப் பெயர்பெற்ற ஒற்றைச் சுட்டுவிரலால் மீட்டினார். அறுந்தாலன்றி நரம்பு மாற்றார் என்ப. இதனால் நரம்பழுக்கு ஓர் உறுப்பாக எண்ணப்படும். அது விரற்கொழுப்பு, வியர்வை, தின்பண்டத் துகள் என முக்கூற்றது. முதலிரண்டும் தாமே சேரும். மூன்றாவதற்கு முறுக்கு ஏற்றது, அதிரசம் ஆகாது.

2.2. மின். அதிர்வேற்பிக்கு ஆல்னிக்கோ ஈர்ப்பிரும்பு, துணிபொதிந்த கம்பி, 1950களின் முறைப்படி 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி. அது கூர்மை குறைக்கும் திருகைத் தணித்தால் மட்டுமே வேலைசெய்யும். திருகை முழுக்கத் திறந்துவைத்து மின்தேக்கியின் பழமையைப் புகழ்தல் குற்றம்.

2.3. பஞ்சு. பழைய மூடியின் உட்புறம் நரம்பை அமுக்கும் மெத்தை ஒன்று இருந்தது. மூடி சாம்பல்கிண்ணமாயினமையின், நரம்புதாங்கியருகே நரம்பின்கீழ் பஞ்சுத்துண்டு செருகப்படும். அது புதுப்பஞ்சு, ஏனம் கழுவிய பஞ்சு என இரண்டு. பின்னது நன்கு அமுங்கி நரம்போடு பொருந்தும்.

3. ஒழிபு. ஏனம் கழுவிய பஞ்சு மூன்றாம் நாள் முதல் மணக்கும். இது மூக்குமூப்பு எனப்படும். மீன்ஏனம், மோர்ஏனம் என அது இருவகைத்து, பிறவும் உள.