எட்டே கால் அப்பா

முதுகில் ஆபீஸ் பை. நெஞ்சில் குப்புறத் தொங்கும் ரோஸ் கலர் ஸ்கூல் பை. ஹேண்டிலில் இடம் வலமாக ஆடும் வாட்டர் பாட்டில். ஸ்கூட்டரின் முன்னால், கண்ணாடிக் கம்பியைப் பிடித்தபடி ஒரு ப்ரீ கே.ஜி. நிற்கிறது. மதுரை கோரிப்பாளையம் சிக்னலில் காலை எட்டே கால் மணிக்கு இவரைப் பார்க்கலாம்.

"தினமும் இதே ரோதனைங்க" என்பார். நம்பாதீர்கள். வீட்டில் வேன் பேசி முடித்தபோது, "அடைச்சுக்கிட்டுப் போவான், பாப்பாவுக்கு வேர்க்கும்" என்று கலைத்துவிட்டவர் இவர்தான். ஒருநாள் மச்சினன் "நான் விட்டுட்டு வர்றேன் மாமா" என்று சாவியை எடுத்ததற்கு, அன்று மத்தியானம் வரை சிடுசிடுப்பு.

சிக்னல் தாண்டினால் வைகை. 1889-இல் திறந்த ஆல்பர்ட் விக்டர் பாலத்தில் ஏறியதும் விசாரணைக் கமிஷன் கூடிவிடும்.

"ஆத்துல ஏம்ப்பா தண்ணி இல்ல?"

"மேல டேம்ல இருக்குடா."

"அப்ப திருவிழாவுல அழகர் எப்பிடி எறங்குவாரு?"

"அப்ப மட்டும் தொறந்து விடுவாங்க."

"டேமுக்கு யாருப்பா சொல்லுவா? அழகரா?"

நீர்வளத்துறை என்று சொல்லிப் பார்த்தார். அழகருக்கே துறை அனுமதி வேண்டுமா என்பதுபோல ஒரு பார்வை கிடைத்தது. ஆபீசில் நாலு பேரை அதட்டுகிற மனிதர், சிம்மக்கல் வரும்வரை வாயைத் திறக்கவில்லை. ஆனால் பத்தரை மணி டீயில் இந்தக் கதையை மூன்று மேஜைக்குச் சொல்லியாயிற்று.

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தைப் பருவத்தைக் காப்பு, செங்கீரை, தால் எனப் பத்தாகப் பிரித்து, ஆண்பிள்ளைக்குச் சிறுதேரோடும் பெண்பிள்ளைக்கு ஊசலோடும் நிறுத்திக்கொண்டார்கள். ஸ்கூட்டர் அப்போது இல்லை. இருந்திருந்தால் பதினோராவது பருவத்துக்கும் பத்துப் பாட்டு உறுதி.

பள்ளி வாசலில் இடம் வலம் மாறிய ஷூவைக் கழற்றி, உள்ளே உருண்ட பொட்டுக்கடலையைத் தட்டி, மறுபடி மாட்டுவார். பாப்பா திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிவிடும். வாட்டர் பாட்டில் மட்டும் வாரத்தில் இரண்டு நாளாவது ஹேண்டிலிலேயே தங்கிவிடும். அதைக் கொடுக்கிற சாக்கில் வகுப்பு ஜன்னல் வரை ஒரு நடை. மறதியாம்! வாட்ச்மேன் அண்ணனுக்குத் தெரியும். கேட்டைத் திறந்தே வைத்திருக்கிறார்.

குறையும் உண்டு. 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைக்குத் தலைக்கவசம், நாலு வயது ஆகாத பிள்ளைக்குப் பாதுகாப்புப் பட்டை, வேகம் 40 கிலோமீட்டருக்குள் என்று 2023 பிப்ரவரியிலிருந்து விதி இருக்கிறது. பட்டையை வாங்கி பீரோ மேல் பத்திரமாக வைத்திருக்கிறார். கேட்டால், "பக்கத்துலதானங்க ஸ்கூல்" என்பார். இதை மட்டும் மன்னிக்க முடியாது; அவர் வீட்டில் யாராவது இதைப் படித்தால் இன்றே இறக்கிக் கொடுங்கள்.

வேக விதியில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது. பின்னால் மாட்டிக்கொண்டவர்கள் ஹார்ன் அடிக்க வேண்டாம். அடித்தாலும் இருபத்தைந்தைத் தாண்ட மாட்டார்.