சீக்கிரம் செத்துத் தொலையுங்கள், அண்ணே

ஐம்பது வயதைத் தாண்டிய ராப்பர்கள் அனைவருக்கும் ஹிப்ஹாப் ரசிகர்கள் சார்பில் பணிவான வேண்டுகோள். மறுபடியும் ஆல்பம் போடுகிறேன் என்று கிளம்புவதற்கு முன்னால் ஒருமுறை யோசியுங்கள். செத்துப்போவது எவ்வளவு சௌகரியம்! பேட்டி கொடுக்க வேண்டாம். மேடையில் மூச்சு வாங்க வேண்டாம். பேரன் வயதுப் பையன்களோடு சேர்ந்து பாடி மானத்தை வாங்க வேண்டாம். மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். சுவரில் ஆளுயரப் படம் வரைவோம், பனியனில் முகத்தை அச்சடிப்போம், இப்படி ஒரு கலைஞன் இனிப் பிறப்பானா என்று மாரடித்து அழுவோம். உங்கள் பாட்டு ஒன்றைக்கூடக் காசு கொடுத்து வாங்காதவன் அழுகைதான் ஊருக்கே கேட்கும். அதைக் கேட்க நீங்கள் இருக்கமாட்டீர்கள், அது ஒன்றுதான் குறை.

ஆதாரம் இல்லாமல் சொல்லவில்லை. ராப்பர் டூபாக் ஷக்கூர் 1996 செப்டம்பரில் லாஸ் வேகாஸில் சுடப்பட்டு இறந்தபோது அவருக்கு வயது 25. உயிரோடு இருந்தவரை தனி ஆளாகப் போட்டது நான்கு ஆல்பம். செத்த பிறகு வந்தது அதைவிட அதிகம். 2012-ல் கோச்செல்லா விழாவில் ஒளிப்பிம்பமாக, சட்டை போடாமல், மேடையேறி ஆடினார். 2024-ல் ராப்பர்கள் டிரேக்குக்கும் கென்ட்ரிக் லமாருக்கும் சண்டை வந்ததே, அதில் டிரேக் செயற்கை நுண்ணறிவை வைத்து டூபாக்கின் குரலைத் தயாரித்துத் தனக்காகப் பேசவைத்தார். டூபாக்கின் சொத்தை நிர்வகிப்பவர்கள் வழக்குப் போடுவோம் என்று மிரட்டிய பிறகுதான் பாட்டு இறங்கியது. கண்ணை மூடிக் கால் நூற்றாண்டு தாண்டிய மனிதருக்கு இன்னும் விடுப்பு கிடைக்கவில்லை. உயிரோடு இருப்பவர்களில் யார் இப்படி முணுமுணுக்காமல் உழைக்கிறார்கள்?

நோட்டோரியஸ் பி.ஐ.ஜி. இன்னும் கெட்டிக்காரர். 24 வயதில் போனார். வாழ்ந்தபோது ஒரே ஆல்பம். இரண்டாவது அவர் கொல்லப்பட்ட பதினாறாம் நாள் கடைக்கு வந்தது. அவரைப் பார்த்து ‘பழைய சரக்கு தீர்ந்துவிட்டது’ என்று நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல அவர் அவகாசம் தரவில்லை.

உயிரோடு இருக்கிறவர்களை எப்படி நடத்துகிறோம் என்று பாருங்கள், வித்தியாசம் புரியும். வெள்ளி பிறக்கும் நள்ளிரவில் ஆல்பம் வெளியாகும். முக்கால் மணி நேரம் ஓடக்கூடியது. பத்தாவது நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிடும்: ஆள் காலி. முழுக்கக் கேட்டாயா என்றால், முதல் பாட்டிலேயே தெரிந்துவிட்டது என்பான். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் பாட்டிகள் சொன்னது சோற்றுக்கு. அவர்களும் அந்த ஒரு சோற்றை நசுக்கியாவது பார்த்தார்கள்.

இந்த நீதிமான்களின் பழைய தீர்ப்புகளையும் புரட்டுவோம். 2009-ல் எமினெம் ‘ரிலாப்ஸ்’ கொண்டுவந்தபோது அந்த விசித்திர உச்சரிப்புகளைக் கேட்டுக் காறித் துப்பினோம். பாவம், மறுவருடம் அவரே ஒரு பாட்டில், அதைக் கொஞ்சம் ஓவராகத்தான் செய்துவிட்டேன் என்கிற மாதிரி ஒப்புக்கொண்டார். இப்போது அதே ஆல்பத்தை, காலம் புரிந்துகொள்ளத் தவறிய காவியம் என்று தூக்கிவைத்து ஆடுவதும் எங்கள் ஆட்கள்தான். எமினெம் அனுபவத்தில் பாடம் கற்றவர். 2024-ல் தன் பழைய அவதாரமான ஸ்லிம் ஷேடியைத் தானே கொன்று, சொந்த ஊர்ப் பத்திரிகையான டெட்ராய்ட் ஃப்ரீ பிரஸ்ஸில் இரங்கல் விளம்பரமும் கொடுத்துவிட்டு ஆல்பத்தை இறக்கினார். நேராக முதலிடம். பாதி செத்தாலே இவ்வளவு மரியாதை என்றால் முழுக்கச் செத்தால் எப்படி இருக்கும்!

நாஸ் செய்த குற்றம் வேறு. இருபது வயதில், 1994-ல், ‘இல்மேட்டிக்’ போட்டுவிட்டார். குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பின் ஜன்னலில் நின்று பார்த்த தெருவை அப்படியே எழுதிய பையன். அதன் பிறகு முப்பது வருடமாக அவர் எதைக் கொண்டுவந்தாலும் எங்கள் கேள்வி ஒன்றுதான்: ‘இல்மேட்டிக்’ மாதிரி இருக்கிறதா? அந்த ஜன்னலை விட்டு அவர் வெளியேறி, கல்யாணமாகி, விவாகரத்தாகி, மகளை வளர்த்து ஆளாக்கி, ஐம்பதையும் தொட்டுவிட்டார். நாங்கள் இன்னும் ஜன்னலுக்குக் கீழேயே நின்று, தம்பி, எட்டிப்பார் என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். கிராமி விருதுக்காரர்கள் எங்களுக்கும் மேல். அவருக்கு முதல் விருது கொடுக்க 2021 வரை எடுத்துக்கொண்டார்கள்.

ஆண்ட்ரே 3000 கதையைக் கேட்டால் எங்கள் மீது உங்களுக்கே மதிப்பு கூடும். 1995-ல் நியூயார்க்கில் சோர்ஸ் பத்திரிகை விருது விழா. அட்லாண்டாவிலிருந்து வந்த அவுட்காஸ்ட் இருவருக்கும் சிறந்த புதுக் குழு விருது. அரங்கம் ஊளையிட்டது. தெற்கத்திக்காரனுக்கு என்ன ராப் வேண்டிக்கிடக்கிறது என்று கேட்கிற ஊளை. இருவரில் ஒருவரான இருபது வயது ஆண்ட்ரே மைக்கைப் பிடித்து, தெற்கிடமும் சொல்லச் சரக்கு இருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கினார். சொன்னபடி செய்தும் காட்டினார். 2004-ல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி அவுட்காஸ்ட்டுக்குத்தான். 2006-க்குப் பிறகு அவர்களிடமிருந்து ஆல்பம் இல்லை. அன்று ஊளையிட்ட கூட்டத்தின் வாரிசுகளான நாங்கள், தெய்வமே திரும்பி வா என்று பதினேழு வருடம் கதறினோம்.

2023 நவம்பரில் வந்தார். கையில் புல்லாங்குழல். ஆல்பம் முழுக்க ஒரு சொல் இல்லை. முதல் பாட்டின் தலைப்பே, ராப் ஆல்பம்தான் போட நினைத்தேன், காற்று இந்தப் பக்கம் அடித்துவிட்டது என்று மன்னிப்புக் கேட்கிற பாணியில் நீளும். 12 நிமிடம் 20 விநாடி. பில்போர்டின் நூறு பாட்டுப் பட்டியலில் நுழைந்தவற்றிலேயே அதுதான் நீளமானது என்று ஆனது. ஏன் ராப் இல்லை என்று பேட்டியில் கேட்டபோது மனிதர் ஒளிக்காமல் சொன்னார்: வயது 48, கண் மங்குகிறது, குடல் பரிசோதனைக்குப் போக வேண்டியிருக்கிறது, அதையா பாடுவது?

நாங்கள் இரண்டு அணியாகப் பிரிந்தோம். ஒரு அணி, துரோகி, ராப்பை விட்டுவிட்டான் என்றது. இன்னொரு அணி, நல்லவேளை பாடவில்லை, அந்த வயதில் பாடியிருந்தால் பெயர் கெட்டிருக்கும் என்றது. குடல் பரிசோதனையைப் பற்றி ஒரு ராப் கேட்க ஆசைப்பட்டவன் ஒருவனும் எங்களில் இல்லை. எனக்கு ஆசை. வெறும் வயிற்றோடு மருத்துவமனை நாற்காலியில் பின்பக்கம் திறந்த அங்கியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பழைய ராஜாவை ஆண்ட்ரேவைவிட நன்றாக யார் எழுதிவிட முடியும்? அந்தப் பாட்டு பிறக்காமல் போனதற்கு நாங்கள்தான் காரணம் என்று நினைக்கும்போது பெருமையாக இருக்கிறது.

வயதைப் பாட்டாக்க முடியாது என்பவர்களுக்கு ஒரு சாட்சி. கிளிப்ஸ் சகோதரர்கள் பதினாறு வருடம் கழித்து 2025-ல் ஆல்பம் போட்டார்கள். அண்ணன் மாலிஸுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. முதல் பாட்டில் தம்பி அம்மாவைப் பாடுகிறார், அண்ணன் அப்பாவைப் பாடுகிறார். சில மாத இடைவெளியில் அடுத்தடுத்து இருவரையும் பறிகொடுத்தவர்கள். இருபத்திரண்டு வயதில் எவனாலும் எழுத முடியாத பாட்டு அது. எங்கள் ஆட்களில் பலர் அதைத் தாண்டி ஓடிப்போய், பின்னால் வரும் பாட்டுகளில் யார் யாரைத் திட்டியிருக்கிறார்கள் என்று துழாவினார்கள்.

ராக் இசைக்காரர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ரோலிங் ஸ்டோன்ஸ் 2024-ல் அமெரிக்காவைச் சுற்றிவந்தபோது மிக் ஜாகருக்கு வயது 80. விளம்பரதாரர் யார் தெரியுமா? ஏ.ஏ.ஆர்.பி., அதாவது ஓய்வுபெற்றவர்களுக்கான சங்கம். ஸ்டேடியம் நிரம்பியது. தாத்தா என்னமாய் ஆடுகிறார் என்று உலகம் கைதட்டியது. அதே வருடம் 56 வயதில் எல்எல் கூல் ஜே ஆல்பம் போட்டால், இந்த வயதில் இவருக்கு எதற்கு இது என்கிறோம். கறுப்பு இளைஞனின் கோபம் எங்களுக்குப் பிடிக்கும். அவனுக்கு முட்டி வலி வந்தால் பிடிக்காது.

இதுவரை சிரித்தது போதும். டி லா சோல் குழு விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

லாங் ஐலண்டிலிருந்து வந்த மூன்று பேர். 1989 மார்ச்சில் அவர்களுடைய முதல் ஆல்பம் ‘த்ரீ ஃபீட் ஹை அண்ட் ரைசிங்’ வந்தது. பழைய இசைத்தட்டுகளிலிருந்து துண்டு துண்டாக வெட்டியெடுத்துத் தைத்த ஆல்பம். அந்தத் துண்டுகளுக்கான அனுமதிகளை எழுதியவர்கள் இசைத்தட்டையும் கேசட்டையும் மனதில் வைத்து எழுதினார்கள். ஒருநாள் கைபேசியில் பாட்டு வரும் என்று எவனும் யோசிக்கவில்லை. விளைவு, உலகத்துப் பாட்டெல்லாம் கைக்குள் வந்த பிறகும் இவர்களுடைய ஆரம்பகால ஆல்பங்கள் வரவில்லை. 2014 காதலர் தினத்தில் பொறுக்கமாட்டாமல் அவர்களே ஒருநாள் எல்லாவற்றையும் இலவசமாக இறக்கிக்கொள்ளவிட்டார்கள். 2019-ல் இசைத்தட்டு நிறுவனம் பாட்டுகளை ஏற்றப் பார்த்தபோது, வருமானத்தில் தொண்ணூறு பங்கு நிறுவனத்துக்கு, பத்துப் பங்கு எங்களுக்கு என்கிறார்கள் என்று குழு வெளிப்படையாகவே குமுறியது. நிறுவனம் கைமாறி, பேச்சு நடந்து, 2023 மார்ச் 3-ஆம் தேதி பாட்டுகள் வந்தன. மூவரில் ஒருவரான டேவ் ஜோலிகோர், ட்ரூகாய் என்று பெயர் வைத்துக்கொண்டவர், பிப்ரவரி 12-ஆம் தேதி இறந்துபோனார். வயது 54. பத்தொன்பது நாள் வித்தியாசம்.

அந்த 2023 தொடக்கத்தில் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம்? பில்போர்டும் வைப் பத்திரிகையும் சேர்ந்து ஐம்பது மகத்தான ராப்பர்கள் என்று பட்டியல் போட்டிருந்தன. ஜே-ஸீ முதலிடம், கென்ட்ரிக் இரண்டு, நாஸ் மூன்று. டூபாக் நான்காவதா, அடப்பாவிகளா என்று சட்டையைப் பிடித்து அடித்துக்கொண்டிருந்தோம். யாருடைய புகழ் நிலைக்கும் என்று நாங்கள் ராத்திரி பகலாக வாதாடிய அத்தனை வருடமும், அது எங்கோ ஒரு வக்கீலின் மேஜையில் பத்துக்கும் தொண்ணூறுக்கும் நடுவில் கிடந்தது. டி லா சோல் யார் என்று இருபது வயதுப் பையன் கேட்டால் அவன்மேல் தப்பில்லை. கேட்க வழியில்லாமல் அடைத்துவைத்தவனை நாங்கள் ஒரு கேள்வி கேட்கவில்லையே, அதற்கு எந்தப் பட்டியலில் என்ன இடம் தருவது?

குழந்தை பிறந்த வீட்டையே மறந்தவர்கள் நாங்கள். 1973 ஆகஸ்ட் 11, பிராங்க்ஸில் செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் கட்டடம். பள்ளி திறக்கிறது, புதுத் துணி எடுக்கக் காசு வேண்டும் என்று சிண்டி கேம்பல் என்ற பெண் ஒரு பார்ட்டி வைத்தாள். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். இசைத்தட்டு சுழற்றியது அண்ணன் கூல் ஹெர்க். ஹிப்ஹாப் பிறந்த இடம் என்று உலகம் கொண்டாடுவது அந்தக் கட்டடத்தைத்தான். அந்த ஹெர்க் 2011-ல் உடம்பு முடியாமல் போனபோது அவரிடம் மருத்துவக் காப்பீடு இல்லை. உதவுங்கள் என்று ஊரைக் கேட்க வேண்டியிருந்தது. கோடிகளைப் பற்றிப் பாடியே கோடி சேர்த்த ஒரு தொழில், தன் தகப்பனின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு உண்டியல் குலுக்கியது. 2023-ல் ஐம்பதாம் ஆண்டு விழாவை அதே பிராங்க்ஸில், யாங்கி ஸ்டேடியத்தில், ஜாம்ஜாமென்று நடத்தினோம்.

2025-ல் நாஸ் தன் மாஸ் அப்பீல் நிறுவனம் வழியாகப் பழையவர்களின் ஆல்பங்களை வரிசையாக இறக்கினார். செய்யவேண்டியதைச் செய்த ஆள், அதனால் எங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். ஸ்லிக் ரிக் 26 வருடம் கழித்து, அறுபது வயதில், கண்பட்டையோடு வந்தார். கதை சொல்கிற ராப்புக்கு இலக்கணம் வகுத்தவர். அவர் வரிகளை எடுத்தாளாத ராப்பரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வயதாகிவிட்டதாம், குரல் மெதுவாகிவிட்டதாம். அதே வரிசையில் 1999-ல் சுட்டுக் கொல்லப்பட்ட பிக் எல்லின் ஆல்பம் உண்டு. டி லா சோலின் ஆல்பத்தில் ட்ரூகாயின் குரல் உண்டு. மாப் டீப் ஆல்பத்தில் 2017-ல் இறந்த பிராடிஜியின் குரல் உண்டு. செத்த மூவருக்கும் வரவேற்பில் நாங்கள் குறை வைக்கவில்லை.

பிராடிஜியோடு சின்ன வயதிலிருந்து சேர்ந்து பாடி, பீட் போட்டு, அவர் விட்டுப்போன குரலைச் சுற்றி இந்த ஆல்பத்தைக் கட்டி முடித்த ஹேவக் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். மகத்தானவர்கள் பட்டியலில் அவருக்கு எத்தனையாவது இடம் என்று சிலர் கேட்கிறார்கள். அவசரப்படாதீர்கள். அவரும் தயவுபண்ணி ஒத்துழைக்கட்டும், அன்று மாலைக்குள் முதல் ஐந்தில் சேர்த்துவிடுகிறோம். கறுப்பு வெள்ளைப் படம்கூடத் தயாராக இருக்கிறது.